விலை எழுதும் நாணயம்

திருப்பூரில் தைத்து ஹாம்பர்க்குக்கு அனுப்பும் பனியன் சரக்கு ஒன்றின் இன்வாய்ஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். அனுப்புபவர், பெறுபவர், ஏற்றும் துறைமுகம் தூத்துக்குடி, ஸ்டைல் நம்பர், கலர், எத்தனை பீஸ், எத்தனை கார்ட்டன் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். வலது பக்கத்தில் ரேட் என்றொரு கட்டம். பெரும்பாலான சீட்டுகளில் அந்தக் கட்டத்தின் தலையில் யுஎஸ்டி என்று அச்சாகியிருக்கும். நூல் மில்லுக்கும் நிட்டிங் யூனிட்டுக்கும் சாயப்பட்டறைக்கும் பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்தவருக்கும் பணம் பட்டுவாடாவானது ரூபாயில். வாங்கி உடுத்தப்போகிற ஜெர்மானியர் கடையில் கொடுக்கப்போவது யூரோ. அமெரிக்கர் ஒருவர்கூட இந்தச் சரக்கைத் தொடப்போவதில்லை. விலை மட்டும் அமெரிக்க டாலரில்.

ஐரோப்பிய ஆர்டர்களில் யூரோவும் புழங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்தியாவின் ஏற்றுமதி முழுவதையும் எடுத்துக்கொண்டால் 86 சதவீதம் டாலரில்தான் விலையிடப்படுகிறது என்றும், அமெரிக்காவுக்குப் போவதோ 15 சதவீதம்தான் என்றும் 2015இல் ஒரு கணக்கு வெளிவந்தது. இறக்குமதியில் இடைவெளி இன்னும் பெரிது: டாலரில் விலையிடப்படுவது 86 சதவீதம், அமெரிக்காவிலிருந்து வருவது வெறும் 5 சதவீதம். துருக்கியிலும் இதே கதைதான். உலகம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால், இறக்குமதிகளுக்கு விலை எழுதுவதில் டாலருக்குள்ள பங்கு, உலக இறக்குமதியில் அமெரிக்கச் சரக்குக்குள்ள பங்கைப்போல 4.7 மடங்கு. யூரோவுக்கு அந்த மடங்கு 1.2.

அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் ஜாக்சன் ஹோல் மாநாட்டில், பல நாட்டு மத்திய வங்கியாளர்கள் கூடியிருந்த அவையில், இந்தக் கணக்கை வைத்தவர் கீதா கோபிநாத். கொல்கத்தாவில் பிறந்து மைசூரில் வளர்ந்தவர். டெல்லியில் படித்து, பிரின்ஸ்டனில் 2001இல் முனைவர் பட்டம் பெற்று, அப்போது ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தார். பன்னாட்டு நிதியம் அவரைத் தலைமைப் பொருளியலாளர் ஆக்கிய பிறகு அவர் பெயர் நம் செய்தித்தாள்களில் அடிக்கடி வந்தது. பதவிச் செய்தி வந்த அளவுக்கு அவருடைய ஆய்வு தமிழில் வரவில்லை. அந்த ஆய்வு நம் வீட்டு அடுப்படி வரை வருவது என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் பாடப்புத்தகம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 1953இல் மில்டன் ஃப்ரீட்மன் எழுதிய கட்டுரையும், அறுபதுகளில் ராபர்ட் மண்டெலும் மார்கஸ் ஃபிளெமிங்கும் தந்த மாதிரியும் இன்றுவரை நம் கல்லூரி வகுப்புகளில் நடத்தப்படுகின்றன. நாட்டின் வரவுசெலவு வெளியுலகோடு ஒத்துப்போகாதபோது நாணயத்தை விழ விடு. விழுந்தால் உன் சரக்கு வெளியாருக்கு மலிவாகும், ஆர்டர் பெருகும். வெளிச்சரக்கு உன் மக்களுக்கு விலை ஏறும், அவர்கள் உள்ளூர்ப் பொருளுக்குத் திரும்புவார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து கணக்கு நேராகும். இந்தப் பாடத்தின் அடியில் ஒரு அனுமானம் கிடக்கிறது. விற்பவர் தன் சொந்த நாணயத்தில் விலை எழுதுகிறார் என்பது அது. எழுபதுகளில் ஸ்வென் கிராஸ்மன் என்ற சுவீடன் நாட்டு ஆய்வாளர் தம் நாட்டுக் கணக்குகளைப் பார்த்தபோது அனுமானம் சரியாகவே இருந்தது: சுவீடனின் ஏற்றுமதியில் பெரும்பகுதி குரோனாவிலேயே விலையிடப்பட்டிருந்தது. பணக்கார ஐரோப்பிய நாடு ஒன்றின் பழக்கம் உலகத்தின் இலக்கணமாக வகுப்பறைகளில் நிலைத்துவிட்டது.

பிறகு வந்தவர்கள், வாங்குபவரின் நாணயத்தில் விலை எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டு இன்னொரு மாதிரியைச் செய்தார்கள். விற்பவருடையதும் இல்லாமல் வாங்குபவருடையதும் இல்லாமல் மூன்றாம் நாட்டின் நாணயம் நடுவில் உட்கார்ந்திருப்பதை யாரும் பார்க்காமல் இல்லை. அதைக் குமாஸ்தா சமாசாரம் என்று ஒதுக்கிவைத்தார்கள். எந்த நாணயத்தில் எழுதினால் என்ன, விகிதம் மாறினால் எழுதிய விலையையும் மாற்றிவிட மாட்டார்களா என்பது அவர்கள் எண்ணம்.

கோபிநாத்தின் தொடக்க கால உழைப்பு இந்தக் கேள்வியில்தான் போனது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை இறக்குமதியாளர்களிடம் மாதந்தோறும் பொருள்வாரியாக விலை கேட்டு வாங்கி வைத்திருக்கிறது. இன்ன ரகம், இன்ன கம்பெனி, இன்ன மாத விலை என்று. ராபர்டோ ரிகோபோனோடு சேர்ந்து அவர் 1994 முதல் 2005 வரையிலான அந்த விலைகளை உட்கார்ந்து பார்த்தார். வணிக மதிப்பில் பாதி இறக்குமதிக்கு, ஒருமுறை எழுதிய விலை பத்தரை மாதத்துக்கும் மேல் அசையாமல் நின்றது. தினமும் ஆடும் செலாவணிச் சந்தைக்குப் பக்கத்திலேயே, ஏறக்குறைய ஒரு வருஷம் அசையாத விலைகள்.

2010இல் ஒலெக் இட்ஸ்கோக்கியும் இவர்களோடு சேர்ந்து வெளியிட்ட அடுத்த கட்டுரை இன்னும் கூர்மையானது. டாலர் மதிப்பு 10 சதவீதம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். டாலரில் விலை எழுதப்பட்ட இறக்குமதியின் டாலர் விலை சுமார் இரண்டரை சதவீதமே ஏறியது. வேறு நாணயத்தில் எழுதப்பட்டதன் டாலர் விலை ஒன்பதரை சதவீதம் ஏறியது. இந்த வேறுபாடு விலை அசையாமல் கிடக்கும் மாதங்களுக்கு மட்டும் உரியதென்றால் பெரிய செய்தி இல்லை. விலையைத் திருத்தி எழுதும் வாய்ப்பு வந்து, விற்பவர் திருத்திய பிறகும் இந்த வேறுபாடு நீடித்தது. எந்த நாணயத்தில் தன் விலை நிலையாக நிற்க வேண்டும் என்று விற்பவர் நினைக்கிறாரோ அந்த நாணயத்தையே கட்டத்தின் தலையில் எழுதுகிறார் என்பது இதன் பொருள். குமாஸ்தா சமாசாரம் என்று ஒதுக்கியது வியாபாரியின் ஆழ்ந்த முடிவாக இருந்தது.

இதையெல்லாம் ஒன்றாகக் கட்டி, எமினே போஸ், காமிலா காசாஸ், ஃபெடரிகோ டியெஸ், பியேர்-ஒலிவியே குரான்ஷா, மிக்கெல் பிளாக்போர்க்-மோலர் ஆகியோரோடு சேர்ந்து 2020இல் அவர் வெளியிட்டதுதான் ஆதிக்க நாணயம் பற்றிய கட்டுரை. இவர்கள் நுணுகிப் பார்த்த நாடு கொலம்பியா. அந்நாட்டின் ஏற்றுமதி ஏறக்குறைய முழுவதும் டாலர் விலையில் நடக்கிறது. 2014க்குப் பின் கச்சா எண்ணெய் சரிந்து, கூடவே பெசோவும் பெரும் சரிவு கண்டது. அங்கே கிடைத்த முடிவும், பிற நாடுகளின் கணக்குகளிலிருந்து கிடைத்த முடிவும் ஒரே திசையைக் காட்டின. இரண்டு நாடுகளுக்கு இடையே நடக்கும் வியாபாரத்தில் அந்த இரண்டு நாணயங்களின் விகிதத்தைவிட, ஒவ்வொன்றுக்கும் டாலரோடு உள்ள விகிதமே விலையையும் அளவையும் அதிகம் தீர்மானிக்கிறது. டாலர் மற்ற எல்லா நாணயங்களுக்கும் எதிராக 1 சதவீதம் வலுத்தால், அமெரிக்கா நீங்கலான நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வியாபாரத்தின் அளவு ஓராண்டுக்குள் 0.6 சதவீதம் குறைகிறது என்றும் கணக்கிட்டார்கள். வாஷிங்டனில் வட்டியை உயர்த்துகிறார்கள். அதனால் டாலர் வலுக்கிறது. அதனால் பிரேசில்காரர் இந்தியரிடம் வாங்குவது குறைகிறது. இவ்வளவு நீளமான கை அது.

இதை ஒரு சட்டையில் வைத்துப் பார்க்கலாம். ஒரு டி-சர்ட் 3 டாலர் என்று ஹாம்பர்க்காரரோடு பேசி முடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரியில் ஒரு டாலர் ஏறத்தாழ 74 ரூபாய் 50 காசு. ஒரு யூரோ 1.13 டாலர். ஜெர்மானியருக்குச் சட்டை 2 யூரோ 65 சென்ட். அதே ஆண்டு ஜூலையில் ரூபாய் விழுந்து டாலர் 79 ரூபாய் 50 காசைத் தொட்டது. பாடப்புத்தகப்படி சட்டை அவருக்கு மலிவாகியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஜூலையில் யூரோவும் டாலருக்குச் சமமாக இறங்கிக்கொண்டிருந்தது. 1.015 டாலர் என்று எடுத்துக்கொண்டால் அதே சட்டை அவருக்கு 2 யூரோ 96 சென்ட். ரூபாய் டாலருக்கு எதிராக ஆறேழு சதவீதம் விழுந்த அதே மாதங்களில், ஜெர்மானியருக்குத் திருப்பூர்ச் சட்டை 11 சதவீதம் விலை ஏறியது. ரூபாய்க்கும் யூரோவுக்கும் நேர்விகிதத்தைப் பார்த்தால் ரூபாய் சற்று வலுத்தே இருந்தது. யார் கைக்கும் அடங்காத ஒரு மூன்றாம் நாணயம் இருவருக்கும் இடையே நின்று இப்படிச் செய்தது.

சரி, ஏற்றுமதியாளருக்கு ரூபாயில் கூடுதலாகக் கிடைத்ததல்லவா என்று கேட்கலாம். கிடைத்தது, கையிலிருந்த ஆர்டருக்கு. அடுத்த சீசன் சாம்பிள் போகும்போது பையிங் ஏஜென்ட்டும் செலாவணி விகிதத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ரூபாய் இறங்கியிருக்கிறதே, ரேட்டில் கொஞ்சம் குறையுங்கள் என்று பேச்சு தொடங்கும். செலவுப் பக்கமும் சும்மா இருக்காது. அந்த 2022 மேயில் பஞ்சு ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. உள்ளூரில் விளைந்த பஞ்சுக்கும் விலையை இழுப்பது டாலரில் ஓடும் உலகச் சந்தை. சாயக் கெமிக்கல், தையல் மெஷின் உதிரிபாகம், ஸ்பேன்டெக்ஸ் எல்லாவற்றிலும் டாலரின் கை இருக்கிறது. போட்டியாளரான வங்கதேசமும் டாலரில் விலை சொல்கிறது. செலவும் டாலரில், போட்டியும் டாலரில் என்றால் ரூபாயில் விலை எழுத எவருக்குத் துணிவு வரும்? இட்ஸ்கோக்கியோடு கோபிநாத் காட்டிய காரணமும் இதுதான். ஒருவர் டாலரில் எழுதுவதால் மற்றவரும் எழுதுகிறார். எல்லோரும் எழுதுவதால் ஒருவராலும் விலக முடியவில்லை.

இன்னொரு காரணத்தை ஜெரமி ஸ்டைனோடு சேர்ந்து 2021இல் எழுதினார். வங்கி வழியாகச் சுற்றும் காரணம் அது. இறக்குமதிக்கு டாலர் தேவை என்பதால் உலகெங்கும் கம்பெனிகளும் வங்கிகளும் டாலரைச் சேமித்து வைக்கின்றன. சேமிப்பவர் பெருகுவதால் டாலருக்குத் தரவேண்டிய வட்டி குறைகிறது. வட்டி குறைந்ததால் கடன் வாங்குபவரும் டாலரிலேயே வாங்குகிறார். டாலரில் கடன் வாங்கியவர் திருப்பிக் கட்ட டாலர் வரவு வேண்டும் என்று தன் ஏற்றுமதிக்கும் டாலரிலேயே விலை வைக்கிறார். மறுபடி முதலிலிருந்து. திருப்பூரில் பாக்கிங் கிரெடிட்டை, அதாவது ஏற்றுமதி ஆர்டருக்கு வங்கி முன்கூட்டித் தரும் கடனை, டாலரில் எடுத்தால் வட்டி குறைவு என்று கணக்குப் போட்ட எவருக்கும் இந்தச் சுற்று புரியும். ஹார்வர்டில் அதைச் சமன்பாடாக எழுதினார்கள்.

இந்தச் சுற்றில் மாட்டியவரின் பாடு எப்படி இருக்கும் என்பதற்குக் கொங்கு மண்டலத்தில் ஒரு கசப்பான உதாரணம் உண்டு. 2007இல் ரூபாய் விழவில்லை, ஏறியது. டாலர் 44 ரூபாயிலிருந்து 39க்கு இறங்கியது. டாலரில் விலை பேசி ரூபாயில் கூலி கொடுப்பவர்களுக்கு லாபம் முழுவதும் அதில் கரைந்தது. அந்தப் பயத்தில் இருந்தவர்களிடம் வங்கிகள் டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களைக் கொண்டுவந்தன. வரப்போகும் டாலருக்கு இன்றே விகிதம் பேசிவைக்கும் சாதாரண ஃபார்வர்டு கான்ட்ராக்ட் என்றால் பரவாயில்லை. பனியன் தைக்கிறவர் டாலருக்கும் சுவிஸ் ஃபிராங்குக்கும் இடையிலான விகிதத்தின் மேல் கையெழுத்துப் போட்டார். சுவிட்சர்லாந்துக்கும் அவர் தொழிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 2008 மார்ச்சில் டாலர் ஒரு ஃபிராங்குக்கும் கீழே போனது. திருப்பூரிலும் கோவையிலும் பல கம்பெனிகள் கோடிக்கணக்கில் பணம் கட்ட வேண்டி வந்தது. வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயின. அப்படியொரு வழக்கில், இவை சூதாட்ட ஒப்பந்தங்கள் அல்ல என்று 2008 அக்டோபரில் தீர்ப்பானது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். தன் விலையைத் தன் நாணயத்தில் எழுத முடியாத நிலைதான் அந்த மனிதரை அந்த மேஜை வரை கொண்டுவந்து உட்காரவைத்தது என்பது தீர்ப்புக்குள் வரக்கூடிய விஷயம் இல்லை.

இப்போது இறக்குமதிப் பக்கம். ஆய்வின் கனம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்பது என் வாசிப்பு. வரும் சரக்குக்கும் டாலரில்தான் விலை என்பதால், ரூபாய் விழுந்த அன்றே உள்ளூரில் விலை ஏறத் தொடங்குகிறது. போகும் சரக்கின் டாலர் விலை அசையவில்லை. அதனால் ஆர்டர் உடனே பெருகவில்லை. ஆகவே கணக்கு நேராவதென்றால் ஒரே வழி, நாட்டு மக்கள் வாங்குவதைக் குறைத்துக்கொள்வது. இரண்டு பக்கமும் சேர்ந்து சுமக்கும் என்று பாடப்புத்தகம் சொன்ன பாரம் ஒரே பக்கத்தில் இறங்குகிறது. போகப்போக ஏற்றுமதியாளரின் ரூபாய் லாபம் கூடி, புதிய மெஷின் போட்டு, புதிய ஆட்கள் இந்தத் தொழிலுக்கு வந்து உற்பத்தி பெருகும் வாய்ப்பு உண்டு. அதை இந்த ஆய்வு மறுக்கவில்லை. அது ஆண்டுக்கணக்கில் நடக்கும் காரியம். விலை ஏற்றம் வாரக்கணக்கில் வந்துவிடும்.

1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்து, 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலரை 7 ரூபாய் 50 காசாக்கியபோது ஏற்றுமதி பெருகும் என்றுதான் சொன்னார்கள். எதிர்பார்த்தபடி பெருகவில்லை. இரண்டு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்ததும், ஏற்றுமதி மானியங்களை அதே கையோடு நீக்கியதும் காரணங்களில் சேரும். பழி முழுவதையும் விலை எழுதும் நாணயத்தின் மேல் போட முடியாது. ஆனால் இலங்கையில் நடந்தது வேறு. அங்கே இந்த ஆய்வின் ஒவ்வொரு வரியையும் வீதியில் பார்க்க முடிந்தது.

2022 மார்ச் 7 அன்று இலங்கை மத்திய வங்கி, 200 ரூபாய் அளவில் பிடித்து வைத்திருந்த டாலரை விட்டுவிட்டது. மே மாதத்துக்குள் அது 360ஐத் தொட்டது. நடுவில் ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பின் அந்நாடு அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. ஆடையும் தேயிலையும்தான் இலங்கையின் பெரிய ஏற்றுமதிகள். நாணயம் இப்படி விழுந்தால் பாடப்புத்தகப்படி ஏற்றுமதி கிளம்பியிருக்க வேண்டும். 2021இல் சரக்கு ஏற்றுமதி சுமார் 1,250 கோடி டாலர். 2022இல் 1,310 கோடி. 2023இல் 1,190 கோடி. இறக்குமதியைப் பாருங்கள்: 2,060 கோடி, பிறகு 1,830 கோடி, பிறகு 1,680 கோடி. மேலைநாடுகளில் ஆடைக்கான தேவை 2023இல் தளர்ந்திருந்தது, இறக்குமதித் தடைகளும் அமலில் இருந்தன, வங்கிகளில் டாலரே இல்லை. இவற்றையும் சேர்த்துத்தான் இந்த எண்களைப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தாலும் பாரம் எந்தப் பக்கம் இறங்கியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

380 கோடி டாலர் இறக்குமதி குறைந்தது என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்த வரிக்குள் இருப்பவை இவை. மேல் மாகாணத்தில் கேள்வித்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லாமல் பள்ளிப் பரீட்சைகள் தள்ளிப்போயின. ஆஸ்பத்திரிகளில் மருந்து தீர்ந்தது. பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நின்ற வரிசையில் முதியவர்கள் செத்து விழுந்தார்கள். செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம், உணவுப் பொருளுக்கு 95 சதவீதம். மார்ச் மாதம் மன்னார், யாழ்ப்பாணம் பக்கத்திலிருந்து கைக்குழந்தைகளோடு படகேறிய தமிழ்க் குடும்பங்கள் தனுஷ்கோடிக் கடலில் மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டன. போருக்கு ஓடிவந்தவர்களைப் பார்த்த அந்தக் கரை, அரிசி விலைக்கும் பால்மா விலைக்கும் ஓடிவந்தவர்களை அன்று பார்த்தது. வெளிநாட்டுக் கணக்கு நேராவது என்று பொருளியலில் சொல்வது இதைத்தான். ஒரு தாய் பால்மா வாங்காமல் விட்டது அந்த 380 கோடியில் ஒரு துளி.

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. அந்த 2022இல் கீதா கோபிநாத் பன்னாட்டு நிதியத்தின் இரண்டாம் நிலைப் பொறுப்பில் இருந்தார். 2023 மார்ச் 20 அன்று நிதியம் இலங்கைக்குச் சுமார் 300 கோடி டாலர் கடன் திட்டத்தை அனுமதித்தது. அதன் நிபந்தனைகளில் சந்தை தீர்மானிக்கும் செலாவணி விகிதமும் ஒன்று. நாணயம் விழுவதால் ஏற்றுமதிக்கு உடனடிப் பலன் சொற்பம் என்று எழுதியவரின் நிறுவனம், விழ விடு என்று ஏன் கேட்டது? செயற்கையாகப் பிடித்து வைத்ததில்தான் இலங்கையின் கையிருப்பு கரைந்தது என்பது அவர்கள் பதிலாக இருக்கும். அதில் உண்மையும் இருக்கிறது. அவர் தலைமைப் பொருளியலாளராக இருந்த 2020இல் நிதியத்தின் ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதிய ஒருங்கிணைந்த கொள்கைச் சட்டகத்தில், டாலரில் விலை நடக்கும் நாடுகள் சில நேரங்களில் செலாவணிச் சந்தையில் தலையிடுவதும், மூலதன வரத்தைக் கட்டுப்படுத்துவதும் தவறல்ல என்ற இடம் உண்டு. நிதியத்தின் பழைய பேச்சைக் கேட்டவர்களுக்கு இது சிறிய மாற்றம் இல்லை. ஆனால் அந்தத் தளர்வு, நாடு ஓட்டாண்டியாவதற்கு முன்னால் பயன்படுவது. நிதியத்தின் வாசலில் வந்து நின்ற பிறகு கிடைப்பது பழைய மருந்துதான். ஆய்வு ஒரு வழியில் முன்னேறியிருக்கிறது, கடன் ஒப்பந்தம் இன்னும் பழைய வழியில் நிற்கிறது. ஆய்வாளர் மேல் எனக்கு மதிப்பு குறையவில்லை. தான் கண்டுபிடித்ததைத் தன் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் எழுதவைப்பது கண்டுபிடிப்பதைவிடக் கடினம் என்று தெரிகிறது.

ரூபாயிலேயே விலை எழுதினால் என்ன என்ற கேள்வியும் இந்தியாவில் சூடாக எழுந்தது. 2022 ஜூலை 11 அன்று ரிசர்வ் வங்கி, வெளிநாட்டு வியாபாரத்தை ரூபாயில் முடிக்கும் ஏற்பாட்டை அறிவித்தது. நல்ல முயற்சிதான். அடுத்த ஆண்டு மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், இந்திய வங்கிகளில் தங்களுக்குக் கோடிக்கணக்கில் ரூபாய் சேர்ந்து கிடக்கிறது, அதைப் பயன்படுத்த வழி தெரியவில்லை என்று பேசினார். ரூபாய் வாங்கியவர் அதைக் கொண்டு உலகில் வேறு எங்கே என்ன வாங்குவார் என்பதுதான் சிக்கல். அறிக்கையால் தீர்வதில்லை அது.

எண்பது வருஷத்துக்கு முன்பே இந்தியா இதே சிக்கலின் மறுபக்கத்தில் நின்றிருக்கிறது. 1944 ஜூலையில் பிரெட்டன் உட்ஸில் புதிய உலக நிதி அமைப்பைத் தீர்மானிக்கக் கூடியபோது, இந்தியக் குழுவில் கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் இருந்தார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனவர். போருக்குக் கொடுத்த சரக்குக்காக பிரிட்டன் இந்தியாவுக்குப் பவுண்டில் பெரும் கடன் பட்டிருந்தது. போர் முடியும்போது அது நூறு கோடி பவுண்டைத் தாண்டியது. அந்தப் பவுண்டை டாலராக மாற்றித்தரக் கேட்டது இந்தியக் குழு. அதே குழுவிலிருந்த பம்பாயின் ஏ.டி. ஷ்ராஃப், வங்கியில் பத்து லட்சம் டாலர் வைத்திருந்தும் டாக்ஸிக்குக் கொடுக்கக் காசில்லாத மனிதனின் நிலை எங்களுடையது என்று சபையில் முறையிட்டார். பிரிட்டன் அதை எதிர்த்தது, கோரிக்கை ஏற்கப்படவில்லை. வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்த மறுவருஷம் அது. அந்த நாட்டின் சேமிப்பு எந்த நாணயத்தில் எழுதப்பட்டிருந்ததோ அந்த நாணயத்திலேயே முடங்கிக் கிடந்தது.

டாலரின் இடத்தை இன்னொரு நாணயம் நாளைக்கே பிடிக்கும் என்று கோபிநாத்தின் ஆய்வு சொல்லவில்லை, நானும் நம்பவில்லை. யூரோ வந்து கால் நூற்றாண்டு ஆகியும் அது ஐரோப்பாவைச் சுற்றியே நிற்கிறது. 2018இல் அமெரிக்கா சீனச் சரக்குக்கு வரி போட்டபோது சீன விற்பனையாளர்கள் தங்கள் டாலர் விலையைக் குறைக்கவில்லை, ஏறக்குறைய முழு வரியும் அமெரிக்க இறக்குமதியாளர் தலையில் விழுந்தது என்று ஆல்பெர்டோ கவால்லோ முதலானோரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் அவரே காட்டினார். டாலரில் எழுதிய விலையின் பிடிவாதம் விற்பவருக்குச் சாதகமாகவும் வேலை செய்கிறது என்பது ஒரு சிறு நியாயம். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி விதிக்கப்பட்டபோது, மாற்று நாடுகள் பக்கத்திலேயே இருக்கும் ஆடைத் தொழிலில் அந்த நியாயம் எவ்வளவு தூரம் செல்லும் என்ற கவலையோடு திருப்பூர் இருந்தது.

நம்மால் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு; அதைத் தமிழில் பொருளாதாரச் செய்தி எழுதுகிறவர்களிடமும் தொலைக்காட்சியில் பேசுகிறவர்களிடமும் கேட்கிறேன். ரூபாய் சரிந்த ஒவ்வொரு முறையும், இது ஏற்றுமதிக்கு நல்லது என்ற வாக்கியத்தோடு செய்தியை முடித்துவிடுகிறீர்கள். இந்தியா தன் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேலும், சமையல் எண்ணெயில் பாதிக்கு மேலும் வெளியிலிருந்து வாங்குகிறது. இரண்டுக்கும் விலை டாலரில். ஏற்றுமதிக்கு நல்லது என்று எழுதும் அதே பத்தியில், அன்றைய பாமாயில் விலையையும் டீசல் செலவையும் எழுதுங்கள். எந்த நாட்டுக்குப் போகும் சரக்கு, எந்த நாணயத்தில் விலை என்று ஏற்றுமதியாளரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு எழுதுங்கள்.